லிஃப்டர் ஞானாயுதம்

ஒன்பது பேர் ஆடிய காலம் அது.
நின்ற இடத்திலேயே நிற்கலாம், சுற்றி வர வேண்டியதில்லை.
முன்வரிசை நடுவில், வலைக்கு ஒரு சாண் விட்டு
ஞானாயுதம்.
அவனுக்கு இடப்புறம் நான்.

நாசரேத்தில் கோயில் மணியடிக்கிறவர் மகன்.
தேரி மணலில் குதித்தால் கால் புதையும்,
அதனால குதிக்கவே படிக்கல என்பான்.
கை மட்டும் படித்திருந்தது.
கயிற்றை எப்போது இழுக்க வேண்டும் என்பதல்ல,
எப்போது விட வேண்டும் என்பது.

விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஆளெடுத்தபோது
மானேஜர் துரை சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை,
ஒரு பந்தை எறிந்தார்.
பந்து திரும்பி வந்தது, சத்தமில்லாமல்,
தாகத்துக்கு நீட்டிய தண்ணீர் மாதிரி.
ஸ்பின்னிங்கில் ராத்திரி ஷிப்ட்.
மேட்ச் நாளில் முட்டை இரண்டு.

அடிக்கிறவனுக்குத்தான் பேர்.
தென்காசி, கடையநல்லூர், ஆறுமுகநேரி,
பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஈசலோடு ஆடிய ஊரெல்லாம்
‘ஆவுடையப்பா, போடுலே!’ என்று கத்தியது.
கத்தலுக்கு முன்னால் ஒரு மூச்சு இருக்குமே,
பந்து எங்கே போகுமென்று தெரியாமல்
கூட்டம் வாய் பிளந்து நிற்கிற மூச்சு,
அது அவனுடையது.
ஸ்கோர் புத்தகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
அவன் பெண்டாட்டி கிருபைக்கோ
வாலிபால் என்றால் கிழிந்த பனியன்.

ஐம்பத்து மூன்று. பாளையங்கோட்டை. போலீஸ் டீம்.
ஆளுக்கொரு செட்.
மூன்றாவதில் நாங்கள் இருபது, அவர்கள் பத்தொன்பது.
ஒரு பாயின்ட்.
கையைக் காட்டினேன். கண்ணைக் காட்டினேன்.
‘ஏலே ஞானம், எனக்கு!’ என்று வாய்விட்டே கேட்டேன்.
அவன் என்னைப் பார்த்தான்.
பார்த்துக்கொண்டே தலைக்குப் பின்னால் போட்டான்,
அன்று முழுக்க ஒரு பந்தும் தேறாத மூக்காண்டிக்கு.
மூக்காண்டி கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்திருக்க வேண்டும்.
எதிர்ப்பக்கம் அந்த மூலையில் ஆளே இல்லை.

மூக்காண்டியைத் தோளில் தூக்கி ஆடினார்கள்.
நான் தனியாகத் தாமிரபரணிப் பாலம் வரை நடந்து போய்
செருப்பில்லாதது அங்கேதான் தெரிந்து
திரும்பினேன்.

பதினாலு மாதம் பேசவில்லை.
ஒரே ஷிப்ட், ஒரே லாரி, ஒரே வலை.
அவன் தூக்கினான், நான் அடித்தேன்.
சொல்ல வெட்கமாயிருக்கிறது:
என் ஆயுசில் கிடைத்த நல்ல பந்தெல்லாம்
அந்தப் பதினாலு மாதத்தில் வந்தவை.

அப்புறம் மதராஸிலிருந்து ஒரு காகிதம்.
இனி ஆறு பேர். சுற்றிச் சுற்றி வர வேண்டும்.
முப்பத்திரண்டு வயதில் அவன் பின்வரிசைக்குப் போய்
பந்துக்கு விழுந்தான், எழுந்தான், விழுந்தான்.
ஒருநாள் கட்டைவிரல்
புறங்கையைத் தொட்டது.
மில் ஆஸ்பத்திரியில் பட்டை வைத்துக் கட்டினார்கள்,
கோணலாகத்தான் கூடியது.

டைம் ஆபீஸில் டோக்கன் கொடுக்கிற ஜன்னல் தந்தார்கள்.
‘இங்கயும் அதே வேலதாம்லே,
வரத வாங்கி ஆளப் பாத்துக் குடுக்கது.’
டோக்கனை நீட்ட மாட்டான், சுண்டுவான்.
பித்தளை வில்லை காற்றில் ஒரு வளைவு வளைந்து
தூக்கக் கலக்கத்தில் நிற்கிறவன் உள்ளங்கையில்
தானே வந்து உட்காரும்.
இருபது வருஷத்தில் ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை என்பார்கள்.
என்னுடையது இரண்டு தடவை விழுந்திருக்கிறது.
தப்பு என் கையில்.

எழுபத்தெட்டில் செத்தான். சர்க்கரை.
மூக்காண்டி பம்பாயிலிருந்து தந்தி அடித்தான்,
அடக்கம் முடிந்த மறுநாள் வந்தது.

அதற்கு முந்தின வருஷம் காரையாறு பஸ்ஸில்
பக்கத்துப் பக்கத்து சீட்.
கேட்டே விட்டேன்:
அன்னைக்கு ஏன்லே எனக்குத் தரல?

டிக்கெட்டை மடித்து மடித்து
கடுகளவு ஆக்கினான்.
‘நீ கேட்டலே’ என்றான்.
‘அவனுவளுக்கும் கேட்டுட்டுல்லா.’

பாபநாசம் இறக்கத்தில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
அவன் தோள் என் தோளில் இடித்தது.
சரிதான் என்று பட்டது.
கோபம் மட்டும்
முழுசாகப் போகவில்லை.